நியூசிலாந்து போகும் முன்: என்னைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரிக் கடைசியில் நான் நியூசிலாந்தில் உள்ள டனீடின் நகரத்துக்குப் படிக்கப் போகிறேன். என்னைத் தங்கவைக்கப்போகும் வீட்டார் கேள்விகளாக ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. கூடப் படிக்கப்போகிற இரண்டு பேர் செய்தி மேல் செய்தி அனுப்புகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். ஆளாளுக்குத் தனியாக எழுதி மாளாது என்று பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். பொறுமை இருக்கிறவர்கள் முழுக்கப் படிக்கலாம். மற்றவர்கள் யானைக் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள், அதைத்தான் எல்லோரும் இரண்டு தடவை கேட்கிறார்கள்.

உன் பேர் என்ன? எப்படிக் கூப்பிட வேண்டும்?

எங்கள் ஊரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். பள்ளிப் படிவத்தில் 'முதல் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதலில் வருவதைத்தானே கேட்கிறார்கள் என்று குடும்பப் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து எனக்கு வருகிற கடிதம் ஒவ்வொன்றும் அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது.

என்னை லின் என்று கூப்பிடுங்கள். என் பெயரில் வரும் எழுத்து அது. சீனத்தில் மரத்துக்கு ஓர் எழுத்து உண்டு: நடுவில் ஒரு தண்டு, குறுக்கே ஒரு கோடு, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கிளைகள். அதை அடுத்தடுத்து இரண்டு போட்டால் லின், அதாவது தோப்பு. மூன்று போட்டால் சென், அடர்ந்த காடு. அப்பா மூன்று மரம் வைக்கத்தான் நினைத்தாராம். பரீட்சையில் பேர் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்று சொல்லிப் பாட்டி ஒரு மரத்தை வெட்டிவிட்டார்.

எந்த ஊர்? வயது என்ன?

வயது பதினாறு. ஊர் குன்மிங், தென்மேற்குச் சீனாவில் யுன்னான் மாகாணத்தின் தலைநகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீட்டர் உயரம். வெயிலும் கொல்லாது, குளிரும் கொல்லாது. அதனால் 'வசந்த நகரம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெய்ஜிங், ஷாங்காய் எல்லாம் எங்களுக்கு வெகு தூரம். வியட்நாம், லாவோஸ், மியன்மார் மூன்றும் எங்கள் மாகாணத்தை ஒட்டியே இருக்கின்றன.

பிடித்தது 'இயற்கை' என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால்?

அது நான் எழுதியதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறவர் எழுதியது. நான் 'பறவை, காளான், ஏரித் தண்ணீர்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இது சின்னப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது என்று அடித்துவிட்டு 'இயற்கை ஆர்வலர்' என்று போட்டுவிட்டார். பார்க்கிறவர்கள் நான் மலை ஏறுவேன், கூடாரம் அடித்துத் தூங்குவேன் என்றெல்லாம் நினைக்கிறார்கள். எனக்கு அட்டை என்றால் பயம். கூடாரத்தில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை.

எனக்குத் தெரிந்த இயற்கை பெரும்பாலும் பேருந்து போகிற இடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா, பாட்டி வீட்டு ஏரிக்கரை, மழைக்காலத்துச் சந்தை. அதை மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து நோட்டு எழுதுகிறேன்: தேதி, இடம், காற்று, என்ன பறவை, எத்தனை. இப்போது நடப்பது ஒன்பதாவது நோட்டு. ஒரு தடவை கணக்கு வகுப்பில் ஜன்னல் வழியே ஒரு பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைனாகுலரைப் பறித்துக்கொண்டு போனவர்கள் ஒரு பருவம் முழுக்கத் திருப்பித் தரவில்லை. அந்தப் பருவத்து நோட்டில் பறவைகளின் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. ஒருவகையில் அதுதான் இருப்பதிலேயே நல்ல நோட்டு.

கடலே இல்லாத ஊரில் கடற்காகமா?

ஆமாம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1985 நவம்பரில் ஒரு நாள் ஊருக்கு நடுவிலேயே ஆயிரக்கணக்கில் கடற்காகங்கள் வந்து இறங்கின. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் கூட்டம். என்னவோ விபத்து என்று நினைத்து எட்டிப் பார்த்தால், தண்ணீர் வெள்ளையாக இருந்ததாம். நகர நிர்வாகம் அவற்றைத் துன்புறுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஜனங்கள் கையில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் குளிர்காலத்தில் வருகின்றன. சைபீரியா, மங்கோலியா, பைகால் ஏரிப் பக்கத்திலிருந்து வந்து நவம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். பச்சை ஏரிப் பூங்காவிலும், தியான்ச்சி ஏரியின் ஹைகெங் கரையிலும் காலையில் போனால் தலைக்கு மேல் வானம் தெரியாது.

பச்சை ஏரிப் பூங்காவில் ஒரு முதியவரின் சிலை இருக்கிறது, கையில் பறவைகளோடு. சொற்ப ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் இந்தப் பறவைகளின் தீனிக்கே செலவழித்தவர். 1995-இல் இறந்தார். ஆட்சியாளருக்கும் படைத்தலைவருக்கும் சிலை இருப்பது எந்த ஊரிலும் உண்டு. பறவைக்கு ரொட்டி போட்ட ஆளுக்குச் சிலை வைத்த ஊர் எங்களுடையது. ஊர்ப் பெருமை என்று எனக்கு ஏதாவது இருந்தால் அது இதுதான்.

இனி நோட்டிலிருந்து கொஞ்சம். இந்தப் பறவைக்கு எங்கள் மொழியில் 'சிவப்பு அலகுக் கடற்காகம்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'கருந்தலைக் கடற்காகம்'. ஒரே பறவைதான், யார் எப்போது பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். குளிர்காலத்தில் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு இருக்கும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து அந்தப் பொட்டு பரவும். முதலில் அழுக்குப் படிந்தாற்போல் இருக்கும், அப்புறம் காப்பித்தூள் நிறம், அப்புறம் முகமூடி போட்டது போலத் தலை முழுக்க. முழுக்க மாறிய பறவையைப் பார்த்தால் அது கிளம்பப் போகிறது என்று அர்த்தம். வடக்கே கூடு கட்டும் இடத்தில் பார்ப்பவர்களுக்கு அது கருந்தலை. எங்களுக்கு அலகுதான் அடையாளம்.

தியான்ச்சி ஏரி நாறும் என்று கேள்விப்பட்டோமே?

நாறியது உண்மை. தொண்ணூறுகளில் நகரத்துச் சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்து ஏரி முழுக்கப் பச்சைச் சாயம் ஊற்றியது போலப் பாசி பிடித்துக் கிடந்தது. சுமார் 300 சதுர கிலோமீட்டர் ஏரி, ஆனால் ஆழம் குறைவு. ஒரு தடவை கெட்டுப்போனால் லேசில் தெளியாது. கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், கரையோரம் சதுப்பு நிலம் உண்டாக்கினார்கள். 2018-இல் தண்ணீரின் தரம் நான்காம் வகுப்புக்கு ஏறியது. முப்பது வருஷத்தில் அதுதான் நல்ல நிலை என்றார்கள். நான்காம் வகுப்பு என்றால் குளிக்கக்கூட உகந்ததில்லை. இருந்தாலும் அன்றைக்கு எங்கள் தெருவில் அதைப் பேசாத ஆள் இல்லை.

பாட்டியின் ஊர் ஜின்னிங், ஏரியின் தென்கரை. அவர் சின்ன வயதில் ஏரியில் 'ஹாய்-சாய்' என்று ஒரு நீர்க்கொடி இருந்ததாம். தண்டு ஆள் உயரத்துக்கு நீளும். மூன்று இதழ் வெள்ளைப் பூ தண்ணீர் மேல் மிதக்கும். தண்டைப் பறித்துச் சேம்பங்கிழங்கோடு போட்டுக் குழம்பு வைப்பார்கள். சுத்தமான தண்ணீரில்தான் அது வளரும். ஏரி கெட்டதும் முதலில் காணாமல் போனது அதுதான். இப்போது வேறு ஊரிலிருந்து கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வருகிறது. பாட்டி வாங்குவார், சமைப்பார், 'நம்ம தண்ணி ருசி இல்லை' என்று தட்டை நகர்த்திவிடுவார்.

'ஹாய்-சாய்' என்றால் கடல்கீரை. எங்கள் ஊரில் ஏரிக்கே 'ஹாய்', கடல், என்றுதான் பேச்சு. பாட்டியிடம் கேட்டால் தியான்ச்சிதான் கடல். மற்றதெல்லாம் தொலைக்காட்சியில் வருவது.

யானை உங்கள் ஊருக்கு நடந்தே வந்ததாமே? நீ பார்த்தாயா?

நான் பார்க்கவில்லை. இந்தப் பதிலில் எல்லோருக்கும் ஏமாற்றம்தான், எனக்கும்தான்.

நடந்தது இது. மாகாணத்தின் தென்கோடியில் சிஷுவாங்பன்னாக் காட்டில் ஆசிய யானைகள் இருக்கின்றன. அதில் ஒரு கூட்டம் எதற்கென்று தெரியாமலே வடக்கே நடக்க ஆரம்பித்தது. சுமார் 500 கிலோமீட்டர். 2021 ஜூன் 2-ஆம் தேதி இரவு பதினைந்து யானைகள் ஜின்னிங் எல்லைக்குள் நுழைந்துவிட்டன, அதாவது பாட்டியின் மாவட்டத்துக்குள். எனக்குப் பதினோரு வயது. பாட்டியின் வாழ்நாளில் அந்தப் பக்கம் யானை வந்ததே இல்லை.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: வெளியே வராதீர்கள், முற்றத்தில் சோளம் காயவைக்காதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள். ஊருக்குள் வரும் வழிகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். காட்டுப் பக்கம் இழுப்பதற்காக மூட்டை மூட்டையாகச் சோளமும் அன்னாசிப்பழமும் கொட்டினார்கள். மேலே டிரோன் சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டி கதவைத் தாழ்போட்டுக்கொண்டு என் அம்மாவுக்குப் போன் செய்தார். கவலையாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கேட்டது: 'சோளத்தை வேகவைத்துப் போடணுமா, பச்சையாகவே தின்னுமா?'

யானைகள் மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டன. குட்டியை நடுவில் விட்டுப் பெரியவை எல்லாம் சுற்றிப் படுத்துத் தூங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்கச் சுற்றிய படம், ஜின்னிங்கில் எடுத்ததுதான். நாங்களும் போனில்தான் பார்த்தோம். ஆகஸ்ட் 8-ஆம் தேதி பதினான்கு யானைகள் யுவான்ஜியாங் ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஓர் ஆண் யானையை முன்பே மயக்க ஊசி போட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் ஐ.நா. உயிர்ப்பன்மை மாநாட்டின் முதல் பகுதி குன்மிங்கில்தான் நடந்தது. மறுவருஷம் மாண்ட்ரியலில் முடிந்த ஒப்பந்தத்திலும் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. மாநாட்டுக்கு முன்கூட்டியே யானைகள் வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போயின என்று ஊரில் ஒரு ஜோக் ஓடியது.

பாண்டா?

யுன்னான் காட்டில் கிடையாது. சிச்சுவான், ஷான்ஸி, கான்சு மாகாணங்களில்தான் இருக்கின்றன. மிருகக்காட்சி சாலையில் ஒரு தடவை பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏன் வெளிநாடு? ஏன் டனீடின்?

முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: களைப்பு. மேல்நிலைப் பள்ளியில் காலை ஏழரைக்கு வாய்விட்டு வாசிப்பதில் தொடங்கி, இரவு பத்துக்குக் கட்டாயப் படிப்பு முடியும்வரை வகுப்பறைதான். எல்லாம் ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற ஒரே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக. 2024-இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். என் வகுப்பில் அதை நன்றாகத் தாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது எந்தப் பறவையும் விழித்திருப்பதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரு வருஷம் யோசித்தார்கள். வாடகைக்கு விட்டிருந்த சின்ன வீட்டை விற்றுத்தான் பணம் கட்டினார்கள். இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னார். எழுதிவிட்டேன்.

டனீடின் வந்தது ஒரு போட்டோவால். பள்ளிக் கையேடுகள் மேஜை நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் புல்வெளி, சிரிக்கும் பிள்ளைகள். ஒன்றில் மட்டும் விளையாட்டுத் திடலின் ஓரத்தில், யாரும் கவனிக்காத மூலையில், சிவப்புக் காலோடு ஒரு வெள்ளைப் பறவை நின்றுகொண்டிருந்தது. அலகும் சிவப்பு. 'நம்ம ஊர்ப் பறவை!' என்று கத்தினேன். கட்டணத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அப்பா, அது மற்றதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சரி என்றார்.

அப்புறம்தான் தெரிந்தது, அது எங்கள் பறவை இல்லை. நியூசிலாந்தின் சிவப்பு அலகுக் கடற்காகம், அங்குள்ள பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் தாராபுங்கா. பெயர் அதேதான், இனம் வேறு. அதற்குத் தலை கறுப்பதே இல்லை, வருஷம் முழுக்க வெள்ளைதான். கையேடு ஏமாற்றிவிட்டது என்று சொல்லலாம். இல்லை, பேர் வைத்தவர்கள்.

சாப்பாடு எப்படி? எது ஆகாது?

எல்லாம் சாப்பிடுவேன். பால் மட்டும் அதிகம் குடித்தால் வயிறு கேட்காது. காரம் பிடிக்கும். பச்சைக் காய்கறியைச் சமைக்காமல் தட்டில் வைத்தால் கொஞ்சம் திகைப்பேன், கோபம் இல்லை. காலையில் எனக்கு அரிசி நூடுல்ஸ் சூப்தான் வழக்கம், ஒரு பாத்திரமும் அடுப்பும் தந்தால் நானே செய்துகொள்வேன்.

எங்கள் ஊரில் பூவும் சாப்பிடுவோம். ரோஜா இதழைச் சர்க்கரையில் பிசைந்து உள்ளே வைத்த ஒரு பலகாரம் உண்டு. உங்கள் தோட்டத்து ரோஜாவை நான் உற்றுப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

காட்டுக் காளான் சாப்பிட்டால் குட்டி மனிதர்கள் தெரிவார்களாமே?

தெரிவார்கள் என்பதால்தான் நாங்கள் ஒழுங்காகச் சமைக்கிறோம். ஜூனில் மழை பிடித்தால் சந்தை முழுக்கக் காளான்தான். அதில் ஒன்றுக்கு 'கை பட்டால் நீலம்' என்று பெயர். மஞ்சள் சதையை விரலால் அழுத்தினால் கண்ணெதிரே மை ஊறுவது போல நீலமாகிவிடும். அரைவேக்காட்டில் தின்றவர்கள் தட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆட்கள் ஆடுவதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பாட்டியின் சட்டம்: மெல்லியதாக நறுக்கு, பூண்டு நிறையப் போடு, எண்ணெயில் நன்றாக வேகும்வரை யாரும் கரண்டியை நக்காதே, மிச்சத்தை மறுநாள் தொடாதே. எங்கள் வீட்டில் இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்ததில்லை. தம்பிக்கு அதில் வருத்தம்.

உங்கள் காட்டில் காளான் பறித்துத் தின்ன மாட்டேன். ஊர் மாறினால் காளானும் வேறு. முகம் ஒன்றாக இருக்கிறது என்று நம்பக் கூடாது, கடற்காகத்தில் பட்டது போதும்.

பெட்டியில் என்ன எடுத்து வருகிறாய்?

எதை எடுக்க முடியாது என்பதுதான் பெரிய பட்டியல். நியூசிலாந்தில் வெளியிலிருந்து விதை, பூச்சி, மண் எதுவும் நுழையக் கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு. கொண்டுவருவதை எழுதிக் காட்டாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான். வௌவாலைத் தவிர தரைப் பாலூட்டியே இல்லாமல் இருந்த தீவுகள் அவை. எலியும் கீரிப்பிள்ளை மாதிரியான ஸ்டோட்டும் கப்பலில் வந்து இறங்கியதும், பறக்கத் தெரியாத பறவைகளின் கதை முடியத் தொடங்கியது.

அதனால் பாட்டி தந்த தேனை அவரிடமே கொடுத்துவிட்டேன். உலர்ந்த காளான், பைன் காய், நான் சேர்த்து வைத்த இறகுகள் எல்லாம் தம்பியிடம். நடைச் சப்பாத்தை நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். அடிப்பள்ளத்தில் ஜின்னிங் செம்மண், அதற்குள் ஒரு புல் விதை. அதைக் குண்டூசியால் நெம்பி எடுத்து ஜன்னல் தொட்டியில் போட்டேன். ரோஜாப் பலகாரம் ஒரு டப்பா வருகிறது, படிவத்தில் எழுதிக் காட்டுவேன். விட்டால் உங்களுக்கு, விடாவிட்டால் குப்பைக்கு.

ஆங்கிலம் வருமா?

படித்தால் புரியும். பேசினால் திணறும். பறவைப் பெயர் மட்டும் சரளம்.

வீட்டில் எங்களை எப்படிக் கூப்பிடுவாய்? ஏதாவது வேண்டுமா?

பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி, ஆனால் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரைக்கூட 'ஷூஷூ' (சித்தப்பா), 'ஆயி' (அத்தை) என்றுதான் அழைப்போம். கொஞ்ச நாள் அப்படியே கூப்பிட விடுங்கள். வேண்டியது ஒன்றே ஒன்று: வெந்நீர். தேநீர் இல்லை, வெறும் வெந்நீர். வெயிலிலும் அதுதான் குடிப்போம். ஒரு பிளாஸ்க் கொண்டுவருகிறேன். குளிர் பற்றிக் கவலை வேண்டாம், எங்கள் வீட்டிலும் ஹீட்டர் கிடையாது, உள்ளேயே கோட்டுப் போட்டு உட்கார்ந்து பழக்கம்.

இங்கேயும் பறவைகளுக்கு ரொட்டி போடுவாயா?

மாட்டேன். போடக் கூடாது என்று படித்தேன். வறுத்த மீனைக் கையிலிருந்தே பிடுங்கிப் போகும் அளவுக்கு அங்கே கடற்காகங்களுக்குத் துணிச்சல் என்கிறார்கள். உள்ளூர் வழக்கம் எதுவோ அதுதான். ஆனால் நான்கு வயதிலிருந்து கையை நீட்டியே பழகியவள். பறவை பக்கத்தில் வந்தால் கை தானாக மேலே போகும். வெறும் கைதான், திட்டாதீர்கள்.

வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வாய்?

வரும். வசந்த விழாவுக்கு எல்லோரும் பாட்டி வீட்டில் கூடுவார்கள், நான் இருக்கமாட்டேன். கடற்காகங்களின் தலை நிறம் மாறுவதையும் இந்த வருஷம் பார்க்க முடியாது. அம்மா படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எடுக்கும் படத்தில் பாதி அவர் விரல்தான் இருக்கும். நேர வித்தியாசம் உங்கள் ஊர்க் கோடையில் ஐந்து மணி நேரம், குளிர்காலத்தில் நான்கு மணி நேரம். ராத்திரி ரொம்ப நேரம் போனில் குசுகுசுத்தால் கதவைத் தட்டுங்கள்.

வந்ததும் முதலில் எங்கே கூட்டிப்போக வேண்டும்?

பட்டியலில் ஒட்டாகோ தீபகற்பத்து அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை இருக்கிறது. மஞ்சள் கண் பென்குயினும் இருக்கிறது. மாவோரியில் அதன் பெயர் ஹோய்ஹோ, சத்தம் போடுகிறவன் என்று அர்த்தமாம், அதற்காகவே பார்க்க வேண்டும். வேலி போட்டுக் காப்பாற்றும் ஒரோகோனுய் காடும் உண்டு. அதெல்லாம் மெதுவாகப் போகலாம்.

முதல் நாள் செயின்ட் கிளேர் கடற்கரை போதும், பேருந்து போகும் என்று பார்த்துவிட்டேன். தாராபுங்காவின் கண்ணைப் பார்க்க வேண்டும். எங்கள் பறவைக்குக் கருவிழி, அதற்கு வெள்ளை விழியும் சுற்றிலும் சிவப்பு வளையமும். படத்தில் பார்த்தால் கோபமாக இருப்பது போலத் தெரிகிறது. நேரில் எப்படி என்று நோட்டில் எழுத வேண்டும், பத்தாவது நோட்டின் முதல் பக்கம் அதற்காகவே காலியாக இருக்கிறது.

அப்புறம் தண்ணீரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். கடல் உப்பாக இருக்கும் என்று எத்தனை தடவை சொல்லியும் பாட்டி நம்பவில்லை. ருசி பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்.